போலகம் பொதுமக்கள் கோல்ஃப் மைதானம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஐந்தாம் வகுப்புக்குப் போனதாகச் சொன்னாலே என் மனைவி சரோஜா, "நாலுன்னு சொல்லுங்க" என்பாள். சரி, நாலு. அந்த நாலாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் கட்டியவற்றைக் கேளுங்கள். செங்கல் சூளையில் கல் சுமந்தவன், சொந்தச் சூளை போட்டேன். புயலில் கூரை பறந்துபோய் யாரும் சீந்தாமல் கிடந்த ரைஸ் மில்லை வாங்கி, ஆறே மாதத்தில் ஓட்டிக் காட்டினேன். இந்தக் களிமண்ணில் அஸ்திவாரம் நிற்காது என்று படித்த இன்ஜினியர் கையை விரித்த இடத்தில், டி.ஆர்.பட்டினம் போகிற ரோட்டின் மேலேயே கல்யாண மண்டபம் கட்டினேன். இன்றைக்கும் நிற்கிறது. (முன்பக்கத் தூண் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அவர்கள் நின்று பார்க்கும் விதம் அப்படி.)

இவை எல்லாம் ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் காரைக்கால் வட்டாரத்தின் முதல் கோல்ஃப் மைதானத்தைக் கட்டியதும் நான்தான். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று போர்டே வைத்தேன். அந்த மைதானம் ஒரு சாயங்காலம் இருந்தது.

அது ஏன் வந்தது, எப்படிப் போனது என்பதை என் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

என் மகள் மலர்விழிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்க்கும் அருண் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். விசாரித்தேன். நல்ல பையன். பையனுடைய அப்பா ரகுநாதன் சேலத்துக்காரர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பெங்களூரிலேயே வீடு. அவரோடு முதல் தடவை போனில் பேசினேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோல்ஃப் ஆடுவாராம்.

"அது பெரிய பணக்காரங்க ஆட்டமுல்லீங்களா?" என்றேன்.

"அப்படியெல்லாம் இல்லீங்க. பொதுமக்கள் ஆடுற மைதானம் இருக்கு. யாரும் போகலாம், வரிசையில நின்னு ஆடலாம். ஆட்டம் வரலைன்னாலும் பரவாயில்லை, நடத்தைதான் முக்கியம். ஒருத்தரோட ஒரு மணி நேரம் ஆடுனா போதும், ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க ஊர்ப் பக்கம் அதெல்லாம் இருக்காதுல்ல?" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

அந்த 'இருக்காதுல்ல' என்னைக் குத்திவிட்டது. இருக்காது, முடியாது, நிற்காது என்று சொன்னவர்களை எதிர்த்தே வாழ்ந்தவன் நான். வாய் முந்திக்கொண்டது.

"இருக்குங்களே. எங்க போலகத்துலயே இருக்கு. நம்ம மேற்பார்வையிலதான் நடக்குது."

அவர், அடுத்த மாதம் பெண் பார்க்க வரும்போது மட்டைப் பையையும் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மலர்விழி அன்று ராத்திரியே போன் போட்டாள். அருண் மூலமாகச் சங்கதி அவளுக்குப் போய்விட்டது. அவள் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சத்தம் போடவில்லை.

"அப்பா, அவங்க அப்பாவுக்குப் பொய் மட்டும் ஆகவே ஆகாது. அருணுக்குப் பார்த்த முதல் இடத்துல வாடகை வீட்டைச் சொந்த வீடுன்னு காட்டுனாங்க. அதுக்காகவே வேணாம்னு எழுந்து வந்துட்டாரு. பொண்ணு நல்ல பொண்ணாம். நீங்க இப்பவே கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிடுங்க."

"நான் எங்கம்மா பொய் சொன்னேன்? மைதானம் இருக்குன்னேன். இன்னும் கட்டலை, அவ்வளவுதான்."

இருபது நாள் இருந்தது. மண்டபத்தையே எழுப்பியவனுக்கு இது ஒரு வேலையா?

சித்திரை மாதம். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, வயல் எல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது. போர் செட்டுக்குப் பக்கத்தில் எனக்கு நாலு ஏக்கர் ஒரே தாக்காக, சேர்ந்தாற்போல் உண்டு. என் டிராக்டர் டிரைவர் சேகரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். சேகர் என்னிடம் இருபது வருஷமாக இருக்கிறவன், என்னை எதிர்த்துப் பேச உரிமை உள்ளவன். கோல்ஃபுக்குக் குழி வேண்டும் என்றேன். அவன் வயலைப் பார்த்தான். எங்கள் களிமண் கோடையில் எப்படி வெடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆட்டுக்குட்டி காலை விட்டால் எடுக்க முடியாது.

"எத்தனை குழி கேட்டாங்க மொதலாளி?" என்றான்.

"ஒன்பது. இல்லேன்னா பதினெட்டு."

"இங்க பதினெட்டாயிரம் இருக்கே."

அந்தப் பதினெட்டாயிரத்தையும் மூடினோம். தண்ணீர் விட்டு, உழுது, பரம்படித்து, உருளை ஓட்டினோம். பந்து விழுகிற குழிக்கு நாலு இஞ்சு பிவிசி பைப்பை வெட்டி இறக்கினேன். (அளவு கிட்டத்தட்ட அதுதானாம். பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்குக் கண்ணளவு தப்பாது.) குழியைச் சுற்றி மெத்தை போலப் புல் வேண்டும் என்று, மலர்விழியிடம் நச்சரித்து வாங்கிய படத்தில் இருந்தது. இருபது நாளில் புல் வளருமா? மண்டபத்து முன்னால் நான் ஆசையாக வளர்த்திருந்த புல்தரையைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, டிப்பரில் ஏற்றி, வயலில் விரித்தேன். அது மூன்று குழிக்குத்தான் வந்தது. அதனால் மைதானமும் மூன்று குழி.

பந்து அடுத்தவர் வயலுக்குப் போகாமல் இருக்கக் காரைக்கால்மேட்டு மீனவர்களிடம் பழைய வலை வாங்கி வந்து கட்டினேன். நாலு ஏக்கரும் கவிச்சி அடித்தது. குழிக்குப் பக்கத்தில் கொடி நட வேண்டுமே, சரோஜாவின் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்துக் கம்பில் கட்டினேன். மறுநாள் காலையில் போலகத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் பதினைந்து பேர் திரண்டு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் வயலில் கொடிக்கம்பு நட்டால் அளக்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குழாய் பதிக்கவா, பைபாஸ் போடவா என்று கேட்டார்கள். கோல்ஃப் என்றேன். அதற்கு நஷ்டஈடு உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மலர்விழி இரண்டு நாள் முன்னதாகவே லீவு போட்டு வந்தாள். மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, போனைப் பார்த்து எனக்கு நடத்தை விதிகளைப் படித்துக் காட்டினாள். ஒருத்தர் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசக் கூடாது, அசையக் கூடாது. நம் நிழல்கூட அவர் பந்து மேல் விழக் கூடாது. மட்டை பட்டு மண் பெயர்ந்தால் எடுத்த இடத்திலேயே வைத்து மிதிக்க வேண்டும். பின்னால் வருகிற கோஷ்டி நம்மைவிட வேகமாக வந்தால் ஒதுங்கி நின்று அவர்களை முன்னால் விட வேண்டும்.

மற்றதெல்லாம் சரி, அந்த முதல் விதிதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு மனுஷன் முனைந்து ஒரு காரியம் செய்கிறான், பக்கத்தில் நின்றுகொண்டு நாலு யோசனை சொல்லாமல் மரம் மாதிரி நிற்பதா? எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அலட்சியம். சைக்கிளுக்குக் காற்று அடிப்பவனிடம்கூட நாங்கள் பேசாமல் நின்றதில்லை.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. அவர் அடிக்கும்போது வாயத் தொறக்காதீங்க. மத்ததை நான் பார்த்துக்குறேன்" என்றாள். சரோஜா அம்பகரத்தூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். (அந்தத் துணியும் கொடிப் புடவையில் கிழித்ததுதான்.)

வந்தார்கள். ரகுநாதன் ஒல்லியான மனிதர். வெள்ளைத் தொப்பி, ஒரு கையில் மட்டும் கையுறை. அவர் மனைவி வீட்டில் சரோஜாவோடு இருந்துவிட்டார். பையன் வேலை காரணமாக வரவில்லை. வெயில் இறங்கியதும் நாலரை மணிக்கு அவரை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். முகப்பில் போர்டு: போலகம் பொதுமக்கள் கோல்ஃப் மைதானம், அனைவரும் வருக. சினிமா போஸ்டர் அளவுக்கு எழுதச் சொல்லியிருந்தேன். அவர் போர்டின் பக்கத்தில் போய் நின்று ஓர் எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கைக்குட்டை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். வியர்வை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆரம்பிச்சு எத்தனை வருஷம் இருக்கும்?" என்றார்.

"ஆச்சுங்க, பல வருஷம்."

"அப்படியா."

"மொத்தம் ஒன்பது குழி. இப்ப மூணுலதான் ஆட முடியும். மிச்சம் ஆறும் பராமரிப்புல இருக்கு."

"அப்படியா."

வரப்பில் குடை பிடித்து நின்ற மலர்விழி கண்ணை மூடிக்கொண்டாள். அவருடைய மட்டைப் பைக்குச் சேகர் பொறுப்பு. நெல் மூட்டை மாதிரி தோளில் போட்டிருந்தான்.

முதல் குழி. அவர் பந்தை வைத்தார், காலை அகட்டினார், மட்டையைப் பின்னால் தூக்கினார். எவ்வளவு நேரம்தான் நான் சும்மா நிற்பது? வந்த மனிதருக்கு நாக்கு வறண்டிருக்குமே என்ற கவலை எனக்கு. மட்டை தலைக்கு மேல் இருக்கும்போது, "மோர் கொண்டாரச் சொல்லவா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டேன்.

பந்து வலைக்குப் போனது. வரப்பிலிருந்து மலர்விழி பார்த்த பார்வையில் எனக்கு மோர் தேவைப்பட்டது. ரகுநாதன் கோபப்படவில்லை. பொது மைதானத்தில் இதெல்லாம் சகஜம் என்றும், அங்கே ஒருத்தர் அடிக்கும்போது பின்னால் நிற்கிறவர் போனில் வீட்டுக்குக் காய்கறி சொல்லிக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார். ஆனால் 'சம்பந்தி' என்ற வார்த்தையை அவர் திருப்பிச் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

பிறகு என் முறை. மட்டையை வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வீச்சு ஒன்றுதான், வரப்பு வெட்டுகிற வீச்சு. வீசினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு கிலோ மண்ணாங்கட்டி கொடிக்கம்பையும் தாண்டிப் போய் விழுந்தது. அவ்வளவு தூரம் அன்றைக்கு வேறு எதுவும் போகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். விதிப்படி அந்தக் கட்டியை எடுத்து வரப் போனேன். கொண்டுவந்து பெயர்ந்த இடத்திலேயே வைத்து மிதித்தேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாக, "பரவாயில்லையே, எங்க மைதானத்துல பாதிப் பேர் இதைச் செய்ய மாட்டாங்க" என்றார். நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாவது குழியில், சேகர் மூடாமல் விட்ட ஒரு வெடிப்புக்குள் அவர் பந்து போய்விட்டது. கையை விட்டுப் பார்த்தோம், குச்சியை விட்டுப் பார்த்தோம். பந்து பாதாளத்துக்குப் போயிருந்தது. "இதுவும் பராமரிப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியா" என்றார். இந்த 'அப்படியா' முன்னைவிடச் சின்னதாக இருந்தது.

மூன்றாவது குழிதான் என் சொத்து. மண்டபத்துப் புல்லில் நல்ல பாகத்தை எல்லாம் அங்கேதான் விரித்திருந்தேன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை காய்ந்த மண், நடுவே அது மட்டும் பச்சைப் பசேலென்று. ரகுநாதன் அழகாக அடித்து, பந்தைக் குழிக்குப் பத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். கடைசித் தள்ளு. உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், மட்டையைப் பிடித்துக் குனிந்தார். மலர்விழி வரப்பிலிருந்தே உதட்டில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள். நான் தலையாட்டினேன். இந்தத் தடவை செத்தாலும் வாயைத் திறப்பதில்லை.

அப்போது அவருக்குப் பின்னால் புழுதி கிளம்பியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கோடையில் வயலுக்குக் கிடை போடுவோம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கில் ஆடுகளை ஓட்டி வருவார்கள். ராத்திரி நம் வயலில் அடைத்து வைப்பார்கள், அதுதான் நிலத்துக்கு எரு. அந்த ஆட்டுக்காரர்களின் தலைவரைக் கீதாரி என்போம். எனக்கு வழக்கமாக வரும் கீதாரியிடம், சித்திரையில் போர் செட்டு வயலுக்குக் கிடை வேண்டும் என்று தை மாதமே நான் சொல்லி வைத்திருந்தேன். சொன்னதை மறந்தும் போனேன். கீதாரி மறக்கவில்லை. சொன்ன நாளில் நானூறு ஆடுகளோடு வந்துகொண்டிருந்தார்.

காலையிலிருந்து காய்ந்த வயலில் நடந்து வந்த ஆடுகள், தூரத்தில் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டன. நடை ஓட்டமானது. காரைக்கால்மேட்டு வலை அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். கத்தினால் மனிதர் தள்ளு பிசகும், கத்தாவிட்டால் மனிதரே பிசகிவிடுவார். மலர்விழியைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், விரல் இன்னும் உதட்டில். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் முழுசாகக் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான். நாலாம் வகுப்பு வாத்தியார் இருந்திருந்தால் அழுதிருப்பார்.

அவர் பந்தைத் தள்ளினார். பந்து உருண்டது. குழிக்கு ஓரடி இருக்கும்போது அதன் மேல் முதல் ஆடு வந்து நின்றது. பின்னாலேயே நானூறும் வந்தன. மண்டபத்துப் புல்லை நாலு நிமிஷத்தில் மழித்துவிட்டன. கொடியை ஒரு கிடா தின்றது, எங்கள் கல்யாணத்துக்கு மறுவருஷம் சரோஜாவுக்கு எடுத்த புடவை.

கீதாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி வந்தார். "மொதலாளி, போன வருஷம் இதே தாக்குலதான கிடை போட்டோம்? உளுந்து எடுத்த வயலுன்னு வந்தா புல்லு விரிச்சு வச்சிருக்கீங்க. ஆட்டுக்கு இம்புட்டு மருவாதி யாருமே செஞ்சதில்ல."

உளுந்து வயல், போன வருஷம், கிடை. மறைத்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. மலர்விழி குடையை மடக்கிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், நான் கட்டிய எதைவிடவும் பெரிய ஒன்றை இடித்துவிட்டேன் என்று உறைத்தது.

ரகுநாதன் ஆடுகளுக்கு நடுவில் நின்றார். இடுப்பு வரை ஆடு. மெல்ல இரண்டடி ஒதுங்கினார், தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"பின்னாடி வர்ற கோஷ்டி நம்மைவிட வேகமா இருக்கு. முன்னால விட்டுடுவோம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மைதானம் இல்லை, இருபது நாள் முன்பு வரை இது வெறும் வயல், பராமரிப்பில் இருக்கும் ஆறு குழியும் பொய், எல்லாம் என் வாய்க்கொழுப்பு, பெண்ணுக்கு இதில் சம்பந்தமில்லை, அவள் முதல் நாளே உண்மையைச் சொல்லச் சொன்னாள் என்று கொட்டிவிட்டேன். ஆடுகள் கத்தின சத்தத்தில் பாதியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவமானத்தை உரக்கச் சொல்வது தனி அனுபவம்.

அவர் கைக்குட்டையை எடுத்து விரித்துக் காட்டினார். நடுவில் பச்சை பெயிண்ட். "வாசல்லயே தெரிஞ்சுது. காலைலதான் எழுதுனீங்க போல. முதல் குழியில சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். மூணாவது வரைக்கும் இழுத்துட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொய் சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். சொன்ன பொய்யை நிஜமாக்கிடலாம்னு இருபது நாள் மண்ணு சுமந்தவரை இப்பதான் பார்க்குறேன்." தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அந்த ரைஸ் மில், சூளை, மண்டபம்னு போன்ல சொன்னீங்களே. அதெல்லாம் இருக்கா, இல்லை பராமரிப்பா?"

"இருக்குங்க."

"போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?"

பார்த்தோம். பொழுது சாய்வதற்குள் மில்லைப் பார்த்தார், நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். சூளையில் கல்லைத் தட்டிப் பார்த்தார். மண்டபத்து முன்னால் காரை நிறுத்தினால், புல்தரை இருந்த இடம் முழுக்கச் சதுரம் சதுரமாக மொட்டை. "அந்தப் புல்லுக்குத் தாய்வீடு இதுதானா?" என்றார். அப்போதுதான் சிரித்தார். மலர்விழியும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "சம்பந்தி, அந்தத் தூண் கொஞ்சம் சாயுதே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தூணை மன்னித்துவிட்டேன். அவரையும்.

ஆவணியில் அதே மண்டபத்தில் கல்யாணம். மொட்டைத் தரையில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். அது நடந்து நாலு வருஷமாகிறது. இன்றைக்கும் என் வீட்டில் நான் எதைச் சொன்னாலும், மழை வரும் என்றால்கூட, யாராவது ஒருத்தர் "போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பேசப் பழகுகிற பேரன்கூட அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டிருக்கிறான். நடவு சமயத்தில் வருஷம் தவறாமல், அன்றைக்குத் தொலைந்த பந்துகளில் ஒன்று சேற்றிலிருந்து வெளியே வரும். நடவாட்கள் அதைக் கழுவி, "மொதலாளி, உங்க முட்டை" என்று கொடுத்தனுப்புவார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. கல்யாண மேடையில் சம்பந்தி மைக்கைப் பிடித்து, இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தவர் இவர்தான் என்று கீதாரிக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆடு வராமல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருக்கவே மாட்டேன், அவரும் காரைத் திருப்பியிருப்பார் என்பது சம்பந்தியின் கட்சி. அந்த ஆடுகளை அனுப்பியதே அம்பகரத்தூர் அம்மன் என்கிறாள் சரோஜா. தானும் அருணும் எப்போதோ முடிவு செய்துவிட்டதாகவும், யார் வந்தாலும் வராவிட்டாலும் நடந்திருக்கும் என்றும் சொல்கிறாள் மலர்விழி. வருகிற மாதம் பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் கீதாரி பெயரை எங்கே போடுவது என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்கிறேன். ஆடு வந்தது, சரி. தை மாதமே கிடைக்குச் சொல்லி வைத்தது யார்? ஆட்டை இழுத்த புல்லை வளர்த்தது யார், சுருட்டியது யார், விரித்தது யார்? முக்கியமான நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது யார்? ஆகவே பத்திரிகையில், கீதாரி பெயருக்கு மேலே, கொட்டை எழுத்தில் போட வேண்டும்: இச்சம்பந்தத்தை முடித்து வைத்தவர், போலகம் கோல்ஃப் மைதான நிறுவனர் தங்கராசு.

அந்தப் போர்டு இன்னும் என் மில் வாசலில்தான் இருக்கிறது. 'நிறுவனர்' என்று கீழே ஒரு வரி நானே சேர்த்திருக்கிறேன். யாருக்காவது சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தொட்டும் பார்க்கலாம். பெயிண்ட் காய்ந்துவிட்டது.